மடை திருப்ப ஆள் வேண்டும்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே புதுச்சேரிக்குப் போகும் சாலை நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் இரண்டு அரசுகள் மாறி மாறி வந்துவிடும். கோலியனூர், வளவனூர் தாண்டும்வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்ததும் புதுச்சேரி. திருபுவனையும் திருவாண்டார்கோயிலும் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் வில்லியனூர், திரும்பவும் புதுச்சேரி. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த ஊர்களுக்குள்தான். ஒரே பங்காளி வகையறாவில் அண்ணன் ஒரு சட்டமன்றத்துக்கும் தம்பி இன்னொரு சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடுவார்கள்.

இந்தக் கோடு ஒரு காலத்தில் இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே இருந்த கோடு. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய் வந்துவிடக்கூடிய கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. 1947வரை கண்டமங்கலத்துக்காரன் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு ஜில்லா, 1954வரை அடுத்த ஊர்க்காரன் பிரெஞ்சுக்காரரின் குடி.

ஆள் பிடிக்க வந்த மேஸ்திரிகளுக்கு இந்தக் கோடு மிகவும் வசதியாக இருந்தது. இந்துமாக்கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ரியூனியன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலை ஆனார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் துறைமுகங்களில் கப்பல்கள் வந்து நின்றன. ஆனால் அந்தச் சின்னச் சின்ன பிரெஞ்சுத் துண்டுகளில் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? ஆங்கிலேயர் சீமையிலிருந்துதான் ஆள் வந்தாக வேண்டும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் ஆங்கிலேயச் சட்டம் பின்னால் போய்விடும். 1860இலும் 1861இலும் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு அதை முறைப்படுத்துவதற்கு முன்பே எத்தனையோ பேர் அப்படித் தாண்டியிருந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1882இல் ஆங்கிலேய அரசு ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் 1879இல்தான் வந்தது. ஆகவே அவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்துக்கு நடந்தோ கட்டை வண்டியிலோதான் போயிருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் சாலையிலும் அப்படி நடந்திருப்பார்கள்.

நான் அதே தீவுக்கு விமானத்தில் போனேன். சர்க்கரை ஆலை பாய்லர்களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை என்னுடையது. ரியூனியனின் வடகிழக்கில், செயின்ட் ஆந்த்ரேக்குப் பக்கத்தில், கடலோரமாக புவா-ரூஷ் என்ற இடத்தில் ஒரு சர்க்கரை ஆலையும் அதை ஒட்டி மின்நிலையமும் இருக்கின்றன. அரவைப் பருவத்தில் கரும்புச் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரித்து மின்சாரம் எடுத்துவந்த நிலையம் அது, 1992இலிருந்து ஓடுகிறது. நிலக்கரியை விட்டுவிட்டு மரத்தூள் கட்டிகளுக்கு மாற்றும் வேலை நடந்தபோது ஒப்பந்தக்காரர்களுக்கு அடியில் ஒப்பந்தக்காரர்களாக வந்த பல நாட்டு ஆட்களில் நானும் ஒருவன். மும்பையிலிருந்து மொரீஷியஸ், அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் ரியூனியன். என் ஊர்க்காரர்கள் பாய்மரத்தில் வாரக்கணக்காக வாந்தி எடுத்துக்கொண்டு போன கடல் அது.

சில மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பிறகு அரவை முடியும்வரை இருந்துவிடு என்றார்கள். வெளிநாட்டு வேலையில் தேதி இப்படித்தான் நீளும். ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்பதை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதுதான் அந்த வேலையிலேயே கடினமான பகுதி.

ரியூனியன் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தைவிடச் சிறிய தீவு. பிரான்ஸின் ஒரு மாவட்டம், யூரோ செல்லும். நடுவில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை, தென்கிழக்கில் இன்னும் தீ கக்கும் எரிமலை. மக்கள் கடலோரத்தை ஒட்டி வளையமாக வாழ்கிறார்கள். கடலுக்கும் மலைக்கும் நடுவே சரிவு முழுக்கக் கரும்பு. நான் இறங்கியது ஜூலையில். அங்கே அது குளிர்காலம். கரும்பெல்லாம் வெள்ளிக் கதிர் விட்டுப் பூத்து நின்றது. எங்கள் ஊரில் கரும்பு பூப்பது மார்கழி, தை வாக்கில்தான். பூத்த கரும்பைப் பார்த்ததும் பொங்கல் வந்துவிட்டது போலத் தோன்றியது. வீட்டுக்குப் பேசினால் அங்கே ஆடி மாதம், காற்றடிக்கிறது என்றார்கள்.

தீவுக்கே இரண்டு ஆலைகள்தான். கிழக்கே புவா-ரூஷ், தெற்கே லெ கோல். ஜூலையிலிருந்து டிசம்பர்வரை அரவை. டிராக்டர்களும் கம்பிக்கூடு வைத்த பெரிய லாரிகளும் விடியலிலிருந்து வரிசையில் நிற்கும். சாறு காயும் வாசனை, சக்கை எரியும் புகை, எடை மேடையில் காத்திருக்கும் விவசாயியின் முகத்தில் இருக்கும் கணக்கு, எல்லாம் எனக்குத் தெரிந்தவை. சின்ன வயதில் அப்பாவோடு டயர் வண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டு போய் ஆலை வாசலில் ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலையில் அரவை நின்று பல வருஷமாகிவிட்டது. கரும்பு போட்டவர்கள் சவுக்குக்கும் நெல்லுக்கும் மாறிவிட்டார்கள். எங்கள் அப்பா மட்டும் ஒரு துண்டில் இன்னும் கரும்பு வைத்திருக்கிறார். கட்டிங் ஆர்டர் வரும்வரை அவருக்குத் தூக்கம் வராது. புவா-ரூஷில் எடை மேடைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

இந்தியாவுக்கும் ரியூனியனுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அமெரிக்காவில் இருப்பவர்களைப் போல ராத்திரியைப் பகலாக்க வேண்டியதில்லை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் ஊரில் ஏழரை. அம்மா அடுப்படியில் இருப்பாள், பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவனுக்கு முகம் பார்க்கவோ குரல் கேட்கவோ குறையில்லை. பிறகும் நெஞ்சில் ஏன் கல் மாதிரி ஒன்று கிடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புரிய வைத்தது எங்கள் போர்செட் மோட்டார்.

புறப்படுவதற்கு முன்னால் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டு வைத்தேன். த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டாமே என்று செய்தது. சிம் கார்டு போட்ட பெட்டி, கரண்ட் வந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும், செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டால் மோட்டார் ஓடும். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், இந்துமாக்கடலின் மறுகோடியில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு, கண்டமங்கலத்தில் எங்கள் கொல்லையில் தண்ணீரை மேலே ஏற்றினேன். முதல் நாள் பெருமையாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சரிப்பா, தண்ணி வந்துடுச்சி. மடைய யாரு மாத்தறது? நாந்தான போவணும்?” என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். முதல் பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து அதை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கிக் கரும்பு சாயும். அதற்குச் சேற்றில் ஒரு கால் வேண்டும். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரை விட்டு வந்தவன் இழப்பது ஊரின் முகத்தை அல்ல, ஊரில் தனக்கென்று இருந்த வேலையை. அம்மாவின் சோறு, வேப்பமரக் காற்று என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கும் அவை வேண்டும்தான். ஆனால் ராத்திரியில் விழிப்பு வந்தால் மனசு போய் நிற்பது நான் செய்ய வேண்டிய, இப்போது வேறு யாரோ செய்துகொண்டிருக்கிற வேலைகளின் பக்கத்தில்.

அந்தப் பருவத்தின் நடுவில் பெரியப்பா இறந்துபோனார். காலையில் பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. விசாவையும் விமானத்தையும் கணக்குப் போட்டால் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். அதற்கும் வேலையில் விடவில்லை. வீடியோவில் பார்த்தேன். சித்தப்பா மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் மேளம். பெண்கள் மாரடிப்பு. குளிப்பாட்டிக் கோடி போர்த்தி, பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றார்கள். என் மகனும் அதில் நின்றான். எனக்கு அது ஆறுதல். பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. நாலு மூலைக்கும் ஆள் பார்த்தார்கள். வலது முன்மூலை என்னுடையது. எங்கள் வகையறாவில் என் உயரத்துக்குச் சித்தப்பா மகனும் நானும்தான். அவன் ஒரு நொடி கேமராவையே பார்த்தான். “அண்ணே, தூக்கணும்ணே” என்று போனை யாரோ ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்களும் சாலையில் சிதறிய சாமந்தியும் வானமும்தான்.

பங்காளி வரியை அன்று சாயங்காலமே போனில் அனுப்பிவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்தது. தோள் போய்ச் சேரவில்லை.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் இப்படி ஒரு ஆளாவது வெளியே இல்லாத தெரு அபூர்வம். சிங்கப்பூர், குவைத், சவுதி, மலேசியா. என்னைப் போலப் பருவத்துக்குப் போய் வருபவர்கள் கொஞ்சம். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு இருப்பவர்களே அதிகம். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் இறந்த இந்தியர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். எங்கள் மாவட்டத்துக்காரரும் அதில் இருந்தார். ராணுவ விமானத்தில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊர் வந்த உடல்கள் அவை. அவர்களை நினைத்தால் எனக்கு நேர்ந்ததைத் துயரம் என்று சொல்ல வாய் வராது. என்றாலும் அவரவர் அளவில் எல்லாருக்கும் இந்த ஒரே கணக்குத்தான் ஓடுகிறது. வீட்டுக்காக வீட்டை விட்டு இருக்கிறோம், வீடு நாம் இல்லாமல் பழகிக்கொள்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராந்த் ஷலூப்புக்குப் போனேன். தலைநகரான செயின்ட் டெனியிலிருந்து மேற்கே, மலை நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. இப்போது அங்கே போக ஐந்தரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் மேலேயே ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், 2022இல் திறந்தது. காரில் போகும்போது இரண்டு பக்கமும் அலை. பாலம் தரையிறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் லசரே இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலிலிருந்து இறக்கி நோய் இருக்கிறதா என்று பார்த்து அடைத்து வைத்த இடம். 1860களில் கட்டிய நீண்ட கற்கட்டடங்களில் ஒன்றைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கூரையில்லாமல் கறுப்பு எரிமலைக் கல் சுவராக நிற்கிறது. சுவருக்குள் மரங்கள்.

எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண், பெயர், அப்பன் பெயர், வயது, வந்த கப்பல், எந்த முதலாளிக்கு. செயின்ட் டெனி ஆவணக்காப்பகத்தில் இந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர் என்று தேடி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. பலருக்குத் துறைமுகத்தின் பெயர்தான் கிடைக்கிறது, பாண்டிச்சேரி என்று. கண்டமங்கலமோ வானூரோ செஞ்சியோ அந்தத் துறைமுகப் பெயருக்குள் மூழ்கிவிட்டது. சட்டப்படி திரும்பிப் போகக் கப்பல் உண்டு. முதலாளிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வைப்பார்கள், கடன் சொல்வார்கள், கப்பல் வராது. திரும்பியவர்களும் உண்டு. திரும்பாதவர்களின் பிள்ளைகள்தான் இன்றைய செயின்ட் ஆந்த்ரே.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிக்கடை முதல் மேயர் நாற்காலிவரை தமிழ்ப் பெயர்கள். பல ஆண்டுகள் மேயராக இருந்தவர் ழான்-போல் வீரபுல்லே. ராமசாமி, சின்னமலை, மாரிமுத்து எல்லாம் குடும்பப் பெயர்கள், முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் சேர்ந்திருக்கும். பேசுவது கிரியோல். சந்தையில் முருங்கைக் கீரை கட்டுக் கட்டாக இருக்கும். சோற்றோடு பருப்பு, ஆட்டுக்கறி மசாலா, ஊறுகாய் மாதிரி ஒரு காரத் துவையல். கோலோஸ் கோயிலில் கோபுரம், கரும்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் மாரியம்மன், காளி, மதுரை வீரன், முனீஸ்வரன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போவார்கள், கோயிலுக்கும் வருவார்கள்.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது தீமிதி. எங்கள் தென்னார்க்காட்டு மண் திரௌபதி அம்மன் மண். செஞ்சிப் பக்கத்து மேலச்சேரியை அவளுக்கு ஆதிக்கோயில் என்பார்கள். கொடியேற்றி, பாரதம் படித்து, ராத்திரி தோறும் கூத்து நடத்தி, படுகளத்தில் மண்ணால் துரியோதனனைக் கிடத்தி, அம்மன் கூந்தல் முடித்து, கடைசியில் அக்னி குண்டம். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இதில் இறங்கும். ரியூனியனில் அவளைப் பாண்டியாலே என்கிறார்கள். பதினெட்டு நாள் விரதம், காப்பு, அர்ச்சுனனுக்கும் அவளுக்கும் கல்யாணம், பிறகு நெருப்பு. குண்டத்தைத் தாண்டியதும் கால் வைக்கப் பால் குழி. கூத்தும் கூட ஒரு வடிவத்தில் மிஞ்சியிருக்கிறது, தமிழ் ஆட்டம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில்.

அரவை டிசம்பரில் முடியும். அதன் பிறகுதான் கைக்கு ஓய்வு, பெரிய விழாக்களும் அதை ஒட்டியே. அப்போது அங்கே கோடை உச்சம். எங்கள் ஊரில் வைகாசியில் தீப்பற்றியது போல் நிற்கும் மயில்கொன்றை அங்கே மார்கழியில் பூத்து நிற்கிறது. குண்டத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது, தேதியை விட்டுவிட்டு வெயிலைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது. உண்மையில் அது தோட்டத்து முதலாளி லீவு விட்ட நாட்களை ஒட்டி அமைந்ததாகவே இருக்கலாம். எப்படியானாலும் என் உடம்புக்கு அது சித்திரைதான்.

ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் விரதம் இருந்தார். மஞ்சள் துணி கட்டிக்கொண்டுதான் வருவார். ஒரு சாயங்காலம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசாரிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் ஒரு பழைய நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த தமிழ்ப் பாட்டை அட்சரம் பிசகாமல் பாடினார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று நண்பர் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். நீ அங்கே என்ன செய்வாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே அதுவரை கேட்டதில்லை. உலகத்தில் எங்கு போனாலும் என்ன படித்தாய், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்றுதான் கேட்பார்கள். எங்கள் தெருவுக்கு விறகு அடுக்கும் முறை என்று சொன்னேன். புளியங்கட்டையும் வேலிக்காத்தானும் எப்படிக் கலந்து அடுக்குவோம், எத்தனை மணிக்குத் தீ வைத்தால் சாயங்காலத்துக்கு நெருப்பு பழுக்கும் என்று கையால் காட்டினேன். நண்பர் கிரியோலில் சொன்னார். கிழவர் தலையாட்டினார். அப்படியானால் சனிக்கிழமை காலையில் வா என்றார்.

போனேன். நாற்பது, ஐம்பது ஆட்கள். யார் எங்கே நிற்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவன் பாட்டன் மேளம் பிடித்தான், ஆகவே இவன் மேளம். அவள் வீட்டிலிருந்துதான் மஞ்சள் அரைத்து வரும். இன்னொரு குடும்பம் பால் குழி வெட்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெயரையும் ஊரையும் பதிவேட்டுக்காரனிடம் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள், மொழியையும் பிள்ளைகள் காலத்தில் இழந்தவர்கள், இந்த முறையை மட்டும் விடவில்லை. ஒரு ஆளை ஊர்க்காரன் ஆக்குவது அவன் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த சாமி தனியாக வரவில்லை, தன் வேலைப் பங்கீட்டோடு வந்தது. அதனால்தான் இன்னும் இருக்கிறது.

எனக்கும் விறகு வரிசையில் ஒரு இடம் கொடுத்தார்கள். பிற்பகலில் நீண்ட கழியால் கங்குகளைப் பரப்பும் வேலை. முகம் வெந்தது. அங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னதை நான் அப்படியே எழுத வேண்டும். “நீங்க இல்லாட்டி எல்லாம் யாரோ ஒருத்தர் செஞ்சிடறாங்கன்னு பொலம்பறீங்க. அந்த யாரோ ஒருத்தர் யாருங்க? மாமாவுக்கு மூட்டு வலி வந்ததிலேருந்து மடைய நான் மாத்தறேன். கேஸு, பேங்கு, ஸ்கூல் மீட்டிங்கு, பெரிய மாமா காரியத்துக்கு அரிசி எடுத்தது, எல்லாம் நான். தோள் குடுக்கறது மட்டுந்தான் வேலையா?”

அவள் கோபப்படவில்லை. நான்தான் வாயடைத்துப் போனேன். ஆணின் இடம் காலியாகிவிட்டது என்று நாம் எழுதும்போது, அந்த இடத்தை நிரப்பும் பெண்ணின் இரண்டு ஆள் வேலை நம் கண்ணில் படுவதில்லை. லசரே பதிவேட்டிலும் பெண்கள் பெயர் இருந்தது, ஆணைவிடக் குறைந்த கூலியோடு. கப்பல் ஏறாமல் ஊரில் நின்றுவிட்டவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தென்னார்க்காட்டில் எத்தனை கொல்லைகளில் எத்தனை பெண்கள் அப்படி மடை மாற்றியிருப்பார்கள்!

ஜனவரியில் ஊர் திரும்பினேன். சென்னையில் இறங்கி, விடியலில் திண்டிவனம் தாண்டியதும் பனி. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடிக்குப் பிறகு முண்டியம்பாக்கம் ஆலைப் பக்கம் வரும்போது ஜன்னலைத் திறந்தேன், கழிவுப்பாகு வாசனை. இங்கே அரவை நடந்துகொண்டிருந்தது. ஒரு அரவையை முடித்துவிட்டு இன்னொரு அரவைக்குள் வந்திருக்கிறேன். விழுப்புரத்தில் பஸ் மாறி வளவனூர், மதகடிப்பட்டு, திருபுவனை. நான்கு வழிச் சாலை வேலையில் புளியமரங்கள் போன இடம் வெளிச்சமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். நடத்துநர் என்னைப் பார்த்து “எப்ப வந்தீங்க?” என்று கேட்டார். வெளியே இருந்து வந்தவன் என்று பெட்டியே சொல்லிவிடும்.

வந்த மறுநாள் பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் பெரியம்மா காலில் விழுந்தேன். சித்தப்பா மகனிடம் ஒன்றும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. சேர்ந்து போய்ச் சமாதி மண்ணில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினோம். கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. ஆள் பேசியது, முன்பணம் கொடுத்தது எல்லாம் என் மனைவி. வெட்டு ஆட்களுக்கு டீ வாங்கிப் போகும் வேலை எனக்கு வந்தது. அதை மகிழ்ச்சியாகச் செய்தேன்.

மாசி பிறந்ததும் கோயில் திண்ணையில் கூட்டம் போட்டார்கள். சித்திரைத் தீமிதிக்கு வரி எவ்வளவு, கூத்துக்கு எந்த ஜமா, பந்தல் யார் என்று பேச்சு. வெளியே இருக்கும் பையன்கள் பெயரைப் படித்து ஆளுக்கு இவ்வளவு என்று தொகை எழுதினார்கள். என் பெயர் வந்தபோது, தர்மகர்த்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தம்பி, ஒனக்குப் பணம் எழுதட்டுமா, வேலை எழுதட்டுமா?” என்று கேட்டார்.

“வேலை எழுதுங்க மாமா, விறகு. பணத்தையும் எழுதிக்குங்க” என்றேன். பெண்கள் பக்கமிருந்து என் மனைவி எழுந்து, பால் குழிக்கும் மஞ்சளுக்கும் பொறுப்பு எங்கள் வீடு என்று தன் பெயரில் எழுதச் சொன்னாள். இதுவரை அது என் அப்பா பெயரில் இருந்தது. கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. எழுதிக்கொண்டார்கள்.

கம்பெனியிலிருந்து பங்குனிக் கடைசியில் புறப்படச் சொல்லி மெயில் வந்திருந்தது. தீமிதி முடிந்த மூன்றாம் நாள் தர்மர் பட்டாபிஷேகம், அதற்கு அடுத்த நாள் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். டிக்கெட்டை மாற்றும் செலவு என்னுடையது.